கைராசிக்காரரின் பச்சை டப்பா

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. தொழிற்சாலையில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் கைராசிக்காரர். ஆண்டுக்கொரு முறை உடம்பைச் சோதிக்க வரும் டாக்டர் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மனிதர் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது சுவிட்ச். சுவரில் தட்டுகிற சுவிட்சை நினைத்துவிட வேண்டாம். இது வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாத சுவிட்ச். ஒரு தலைமுடியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் நீளம். ஒரு குட்டி உலோக நாக்கு, அதன் நுனியில் ஒரு புள்ளி, அதற்கு நேர் கீழே இன்னொரு புள்ளி. மின்னழுத்தம் கொடுத்தால் நாக்கு வளைந்து மேல்புள்ளி கீழ்ப்புள்ளியைத் தொடும். அழுத்தத்தை எடுத்தால் தானாக நிமிரும். தொடுவதும் விலகுவதும்தான் அதன் பிழைப்பு. ஆனால் நூறு கோடி தடவை தொட்டு விலகிக் காட்டினால்தான் வாங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்த நூறு கோடியை ஓட்டிப் பார்ப்பதற்காக வரிசையாக ஆறு பெஞ்சுகள் இருந்தன. ஜன்னல் பக்கம் இருந்த கடைசி பெஞ்ச் கைராசிக்காரருடையது. சுவிட்ச் பதித்த, மூடி போடாத சில்லை இடுக்கியால் எடுத்து ஒரு பெட்டிக்குள் வைப்பார். மேலே மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டு, திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மின்சாரம் கொடுக்கிற நான்கு ஊசிகளை அதனதன் இடத்தில் இறக்குவார். மற்ற ஐந்து பெஞ்சுக்காரர்களும் பத்து நிமிடத்தில் முடிக்கிற இந்தக் காரியத்துக்கு அவருக்கு நாற்பது நிமிடம் ஆகும். சில்லுக்கு மேலே குனிந்தபடி, கையும் முகமும் அதை ஒட்டினாற்போல இருக்க, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு வேலை செய்வார். பிறகு பெட்டியைச் சாத்தி, உள்ளே உலர்ந்த வாயுவை நிரப்பி, ஓட விடுவார். நொடிக்கு ஆயிரம் தடவை. நூறு கோடியைத் தொடப் பதினொன்றரை நாள்.

அந்தக் காலத்தில் புள்ளிகள் இரண்டும் தங்கம். தங்கம் மென்மையானது. கோடிக்கணக்கான தடவை தொட்ட பிறகு ஒரு தடவை தொட்டது தொட்டபடி ஒட்டிக்கொள்ளும். பிய்த்துக்கொண்டு நிமிர நாக்குக்குத் தெம்பிருக்காது. மற்ற பெஞ்சுகளில் பத்துக்கு ஐந்து இப்படி ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் பெஞ்சில் பத்துக்கு இரண்டோ ஒன்றோதான். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஊசியை மாற்றிப் பார்த்தார்கள், பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் அவர் கை பட்டால் சுவிட்ச் நீண்ட நாள் உழைத்தது. கடைசியில் படித்தவர்களே கையை விரித்துவிட்டு, அவருக்குக் கைராசி என்று முடிவு கட்டினார்கள். முக்கியமான வாடிக்கையாளருக்குப் போகும் சில்லு என்றால், “கைராசி பெஞ்சுல போடு” என்பதுதான் எழுதாத சட்டம்.

அவர் தன்னடக்கக்காரர் போலத்தான் நடந்துகொள்வார். யாராவது புகழ்ந்தால், அவசரப்படாமல் வைப்பதைத் தவிரத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். ஆனால் உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகாணி மாட்டிக்கொண்டிருந்த ஆள், பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஆள். இவர் கையிலிருப்பது அத்தனை படிப்பாளிகளுக்கும் பிடிபடவில்லை என்றால் யாருக்குத்தான் தலை நிமிராது? இருபத்திரண்டு வருடமும் அந்தப் பெஞ்சைத் தன் சொத்துபோலத் துடைத்து வைத்திருந்தார்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு முழ அகலத்தில் பால்கனி. பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசி ஓய்ந்து, பேசாமலிருக்கவும் பழகிவிட்டிருந்தார்கள். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். தெருவுக்கே அவள் தையல்காரம்மா. பள்ளி திறக்கிற மாதத்தில் அந்த வீட்டில் மெஷின் சத்தம் ஓயாது. சட்டைக்குப் பொத்தான்துளை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவள் விரல்கள் காலையில் மடங்கி நிற்க ஆரம்பித்தன. உடம்பு தன் மூட்டைத் தானே கடிக்கிற வியாதி என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார்கள். அது வலியைக் கொஞ்சம் அடக்கியது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கியது, தோலை வெங்காயத் தோலாக்கியது. இரண்டே வருடத்தில் ஊசியைப் பிடிக்க முடியாமல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள்.

காலையில் கண் விழிக்கும்போது இரண்டு கையும் இறுக மூடியிருக்கும். தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. ஐந்து மணிக்கு அவர் எழுந்து, டீ போட்டு வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பச்சை டப்பாவை எடுப்பார். வலிக்குத் தடவும் தைலம். எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது. ஒரு விரல் தைலத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, அவளுடைய சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிப்பார். நீவி நீவி ஒவ்வொரு விரலாக நிமிர்த்துவார். வலுவாகப் பிடித்தால் வலிக்கும், தைலமில்லாமல் பிடித்தால் தோல் கிழியும். பத்து விரலும் நிமிர நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை என்று சொல்லிவிடலாம். மற்ற நேரத்தில் இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. கை அவர் கையில் இருக்கும்போது மட்டும் அவளுக்கு வாய் திறந்துகொள்ளும். மாடிப்படியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், கீழ் வீட்டுக்காரி கொடுத்த ரவிக்கையை எந்தத் தையற்காரன் எப்படிப் பாழாக்கினான், எல்லாம் வரும். அவரையும் விட்டுவைக்க மாட்டாள்.

“ஊர்ல இருக்கிற சுவிட்சையெல்லாம் நொடிக்கு ஆயிரம் தடவை தொறந்து மூடறீங்க. என் ஒரு விரலைத் தொறக்க இவ்வளவு நேரமா?” என்பாள்.

“அதெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும்மா” என்பார் அவர்.

பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியது. தினமும் நீவி முடித்ததும் சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து, தொழிற்சாலையில் வெள்ளை அங்கியும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். தைலத்தின் வாசனை அவருக்குத் தெரிந்ததே இல்லை. மூக்குக்குப் பழகிவிட்டால் எதுவும் அப்படித்தான்.

அந்தப் பன்னிரண்டாவது வருடம் தொழிற்சாலையில் தங்கத்தைக் கைவிட்டார்கள். ஒட்டிக்கொள்ளாத, கெட்டியான வேறொரு உலோகத்தைப் புள்ளிகளுக்குப் பூசினார்கள். அதைக் கொண்டுவந்தவள் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண். மெலிந்த உடம்பு, எதையும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம். அவருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும், இருந்தாலும் அவர் மேடம் என்பார், அவள் சார் என்பாள். புது உலோகம் முதல் சுற்றிலேயே ஐந்து பெஞ்சிலும் நூறு கோடியைத் தாண்டிக் காட்டியது. கைராசி பெஞ்சில் மட்டும் மூன்று கோடியிலேயே படுத்துவிட்டது.

ஒட்டிக்கொள்ளவில்லை, இது வேறு மாதிரியான கோளாறு. புள்ளி புள்ளியைத் தொடுகிறது, ஆனால் மின்சாரம் கடப்பதில்லை. தடை ஏறிக்கொண்டே போகிறது. தொட்டும் தொடாத கணக்குதான். இரண்டாவது சுற்றிலும் அதே கதை, மூன்றாவது சுற்றிலும் அதே கதை. ஊசியை இறக்க நாற்பது நிமிடத்தை ஐம்பது நிமிடமாக்கினார். இன்னும் மோசமானது. சாப்பாட்டு அறையில் ஒரு பெஞ்சுக்காரர் விளையாட்டாக, ராசி கையை விட்டுப் போச்சா என்று கேட்டார். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பெஞ்சுக்குப் போனார்.

இன்ஜினியர் பெண் விடாக்கண்டி. கையுறையின் தயாரிப்பை மாற்றினாள், காற்று வடிகட்டியை மாற்றினாள், பெட்டிக்குள் இருந்த பசையைச் சுரண்டி எடுத்தாள். அவரை இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தாள். கோளாறு அவர் கூடவே இரண்டாவது பெஞ்சுக்கு வந்தது. இடையில் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்து அவர் நான்கு நாள் லீவு எடுத்தார், அப்போது அவர் பெஞ்சில் இன்னொருவர் வைத்த சில்லு நூறு கோடி ஓடியது. இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாளே ஒழிய, அவரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு அறையில் இடமில்லாமல் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சுத்த அறைக்குள் எல்லாருக்கும் முகமூடி, இங்கே கிடையாது. இரண்டு வாய் சாப்பிட்டவள் ஏதோ வாசனை பட்டுத் தலையை நிமிர்த்தி, கையில் ஏதாவது தடவுவீர்களா என்று கேட்டாள். சோப்பு தவிர ஒன்றுமில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அத்தர், முகப்பூச்சு, தலைக்கு எண்ணெய் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். பொய் சொல்லவில்லை. தைலத்தை அவர் தனக்கா தடவிக்கொண்டார்? அது மனைவியுடைய மருந்து. எழுந்து கை கழுவப் போனபோதுதான் அவருக்கு உறைத்தது. ஈரக் கையோடு திரும்பி வந்து சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அவள் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். லட்சம் மடங்கு பெருக்கிய புள்ளி. நடுவில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது, அடுப்பில் மறந்த பாலின் அடி மாதிரி.

“இது உங்க தைலம் சார்” என்றாள். “நானே ஒரு டப்பா வாங்கிட்டு வந்து ஒரு துளியைப் பக்கத்துல வெச்சு ஓட்டிப் பார்த்தேன். அதோட ஆவி புள்ளியில போய் உக்காருது. ஒவ்வொரு தடவை தொடும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு கரியாயிடுது.”

சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவுகிறாரே, கையுறை போடுகிறாரே என்று அவர் கேட்டார். தோலுக்குள் ஊறியது கழுவினால் போகாது, கையுறை வழியாகவும் கசியும், தலைமுடியிலிருந்தும் சட்டையிலிருந்தும் வரும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். தடவி இரண்டு முழு நாள் ஆன பிறகுதான் அடங்குகிறதாம். அதையும் அளந்து பார்த்திருந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் உண்மைக்காரி, பாதியை மறைக்கத் தெரியாதவள். பழைய தங்கக் காலத்துப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்திருந்தாள். தங்கத்தில் அதே தைலத்தை வைத்து ஓட்டினால் ஒட்டிக்கொள்வது பாதிக்கு மேல் குறைகிறது. மெல்லிய அழுக்குப் படலம் நடுவில் இருந்தால் தங்கமும் தங்கமும் ஒன்றையொன்று பிடிக்காது. அவள் அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தனை வருடமும் ஊரெல்லாம் கொண்டாடிய கைராசி அந்தப் பச்சை டப்பாவுக்குள் இருந்திருக்கிறது.

மனைவிக்கு நோய் வருவதற்கு முன்னால் பத்து வருடம் வேலை பார்த்தோமே, அப்போது எப்படி என்று வெளியே வந்த பிறகு யோசித்தார். அப்போது யாரும் அவரைக் கைராசி என்று கூப்பிட்டதாக ஞாபகம் வரவில்லை. அவரால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

மேலாளர் நல்ல மனிதர். மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, தைலமோ எண்ணெயோ தடவி இரண்டு நாள் ஆகாதவர்கள் யாரும் சுத்த அறைக்குள் வரக் கூடாது என்று விதி போடப் போவதாகச் சொன்னார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்.

“பேக்கிங் பிரிவுல ஒரு இடம் இருக்கு. அங்க எல்லாம் மூடி போட்ட சில்லு, எந்த ஆவியும் ஒண்ணும் பண்ணாது. அதே கிரேடு, அதே நேரம். வீட்டுல உங்க வேலையையும் நீங்க விட வேணாம். ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு.”

ஒரு நாள் யோசிக்க நேரம் கேட்டார். உண்மையில் யோசிக்கவில்லை. பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டிக்கு முன்னால் தான் நிற்பதையும், கடைசி பெஞ்சில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. தைலமில்லாத வெறும் கைக்கும் ராசி இருக்கிறது என்று நிரூபிக்காமல் விடுவதா? இந்த வீம்பு அவருக்கு அதுவரை வந்ததில்லை. வந்த ஒரே தடவை இப்படி வந்து தொலைத்தது. மறுநாள் காலையில், பெஞ்சிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மனைவியிடம் விதியைச் சொன்னார். பேக்கிங் பிரிவைச் சொல்லவில்லை. விதியென்றால் விதிதானே, என்ன செய்வது என்று குரலில் ஓர் அலுப்பையும் சேர்த்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, தங்கச்சியை வரச் சொல்லலாம். அவளுக்கும் காலையில வேலையில்ல” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

தங்கை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தாள். நல்ல மனசு, கைதான் முரடு. மாவு பிசைகிற வேகத்தில் இருபது நிமிடத்தில் பத்து விரலையும் நிமிர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அவர் அந்த நேரத்தில் சமையலறையில் நின்றுகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பதைக் கேட்பார். தைலம் காற்றில் இருக்கும்போது அந்த அறைக்குள் போகக் கூடாது என்று அவரே தனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தார்.

வேறு வழி தேடாமலும் இல்லை. வெந்நீரில் கையை வைத்து நீவிப் பார்த்தார். நீர் ஆறியதும் விரல் முன்னைவிட இறுகியது. ஒரு மூன்று நாள் விடுமுறையில், முதல் நாள் தடவினால் இரண்டு முழு நாள் மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டு ஜோடிக் கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தைலத்தை எடுத்தார். சுண்டுவிரலைத் தாண்டுவதற்குள் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரில பிடிக்கிற மாதிரி இருக்கு. வேணாங்க, விட்டுடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காலைப் பேச்சு நின்றுபோனது. கீழ் வீட்டு ரவிக்கைக் கதையெல்லாம் இப்போது தங்கைக்குப் போனது. ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச வைக்கலாம் என்று அவர் எதையாவது ஆரம்பிப்பார். அவள் ம் கொட்டுவாள். கோபம் என்று சொல்ல முடியாது. கை அவர் கையில் இல்லாமல் அவளுக்குப் பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

பெஞ்சில் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. சுத்தமான கையால் அவர் வைத்த சில்லு நூறு கோடி ஓடியது. மற்ற ஐந்து பெஞ்சிலும் ஓடியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது நிமிடம் எடுத்து வைத்ததற்கும் பத்து நிமிடத்தில் வைத்ததற்கும் கருவி ஒரே எண்ணைக் காட்டியது. யாரும் கேலி செய்யவில்லை, யாரும் புகழவும் இல்லை. பழக்க தோஷத்தில் கைராசி என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவருக்குச் சுருக்கென்றது. இப்போதாவது பேக்கிங் பிரிவைக் கேட்கலாம் என்று பல தடவை மேலாளர் அறை வரை போனார். கேட்டால் தோற்றதாகிவிடும் என்று திரும்பி வந்தார். யாரிடம் தோற்பது என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

எட்டாவது மாதம் மனைவிக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான். அந்த மருந்து சாப்பிடுகிற உடம்புக்கு அது போதுமாக இருந்தது. மூன்றே நாளில் நெஞ்சில் இறங்கிவிட, ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறையில் சேர்த்தார்கள். அங்கேயும் வாசலில் வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. மாட்டிக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எப்படி இவ்வளவு சரியாகப் போடுகிறீர்கள் என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள்.

உள்ளே அவள் மூக்கில் குழாயோடு கண் மூடிக் கிடந்தாள். இரண்டு கையும் போர்வை மேல் மூடிக் கிடந்தன. மூன்று நாளாக யாரும் நீவிவிடவில்லை. அவர் கையுறையோடு வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். அவள் கண் திறக்கவில்லை. கையுறையைக் கழற்றலாமா என்று நர்ஸைக் கேட்டார். அவளுக்குக் கிருமி தாங்காது, கூடவே கூடாது என்று நர்ஸ் சொன்னாள். கழற்றியிருக்கலாம். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவர் விதியை மீறத் தெரியாமல் வளர்ந்த மனிதர். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார், ரப்பருக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் போய்விட்டாள். நர்ஸ் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

“இனிமே கையுறையைக் கழட்டலாம் சார்.”

கழற்றினார். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். தைலமில்லை, வெறும் கை. விரல் கொஞ்சமும் எதிர்க்காமல் நிமிர்ந்தது. அடுத்ததும் நிமிர்ந்தது. பத்து விரலுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் அவர் அழுதார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தங்கை ஒரு வாரம் கூட இருந்து வீட்டை ஒழுங்கு செய்து கொடுத்தாள். தையல் மெஷினின் உறையைத் துவைத்துத் திரும்பப் போட்டாள். கிளம்புகிற அன்று காலை சமையலறையில் டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவர் அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். பேக்கிங் பிரிவில் இடம் கொடுத்தார்கள், தான்தான் வேண்டாம் என்றேன், அதை உன் அக்காவிடம் மறைத்துவிட்டேன் என்றார்.

தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“அக்காவுக்குத் தெரியும் மாமா. உங்க கூட வேலை செய்றவர் சம்சாரம் கடைத்தெருவுல பார்த்து அப்பவே சொல்லிட்டாங்களாம். நான் கேட்டேன், ஏன்க்கா நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு. ‘நான் கேட்டா உடனே விட்டுட்டு வந்துடுவாரு. அந்த பெஞ்சு ஒண்ணுதான் அவருக்குன்னு இருக்கு. அதைப் போய் எப்படிக் கேக்கறது’ன்னா. என்னைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா.”

அவர் டீயைக் குடிக்கவில்லை. தங்கை கிளம்பிப் போன பிறகும் அது அங்கேயே ஆறிக் கிடந்தது. கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று அவருக்கே தெரியும். கேட்காமலே வந்திருக்க வேண்டியவன் என்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம் போய்விட்டது.

லீவு முடிந்த அன்று வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தார். டீ போட்டார். கை தானாக அலமாரிக்குப் போய்ப் பச்சை டப்பாவை எடுத்தது. எடுத்த பிறகுதான் எதற்கு எடுத்தோம் என்று நினைவு வந்தது. திரும்ப வைக்க மனமில்லை. ஒரு விரல் தைலத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். எட்டு மாதம் விட்டிருந்ததால் இப்போது அவருக்கு வாசனை தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் வாசனை இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. வலது கையால் தன் இடது சுண்டுவிரலைப் பிடித்து நீவ ஆரம்பித்தார். பத்து விரலுக்கும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

கை கழுவாமலே பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போனார். உடை மாற்றும் அறை வாசலில் இன்ஜினியர் பெண் நின்றுகொண்டிருந்தாள். துக்கம் விசாரிக்க வாயெடுத்தவள், வாசனை பட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

“இன்னிக்கு நான் உள்ள வர முடியாது மேடம்” என்றார். “தைலம் போட்டிருக்கேன்.”

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. நோட்டைத் திறந்து, எழுத ஒன்றுமில்லாமல் மூடினாள்.

“ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார். பெஞ்ச் அப்படியே இருக்கும்.”

சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு முழு நாள் போனது. மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, டீ போட்டு வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தார். உள்ளே தைலம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.